காட்டுப்புதூர் பிரிவுல இறங்கோணும்

ஏனுங்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தச் சன்னலோரத்தை எனக்குக் கொடுத்துட்டு நீங்க சித்த இந்தப் பக்கம் உக்காந்துக்கறீங்களா? முன்னாடி அத்தனை சீட்டு காலியாக் கெடக்குதேன்னு பாக்கறீங்க. கெடக்குது. ஆனா எனக்குக் கடைசி சீட்டுதானுங்க வேணும். முதுகுக்குப் பின்னாடி தகரம் இருக்கோணும், ஆளு இருக்கக் கூடாது. ஆளு இருந்தா, அவங்க பாட்டுக்கு என்னுமோ பேசிக்கிட்டு வந்தாலும், என்ற பின்கழுத்து வேர்த்துக் கொட்டும். பெரிய மனசுங்க உங்களுக்கு. தென்னங்கன்னை அப்படியே காலடியில வெச்சுக்கங்க, நான் மிதிக்க மாட்டேன்.

பயந்தாங்கொள்ளின்னு மட்டும் நெனைச்சுராதீங்க. ஒரு நாளைக்கு இருவது முப்பது பேர் கையில ஊசி குத்தறவன் நான். கோபியில ஒரு லேப்புல பதினாறு வருசமா ரத்தம் எடுக்கறேன். நடக்க முடியாதவங்க, வயசானவங்க வீட்டுக்கெல்லாம் காலங்காத்தால நானே வண்டியில போயி எடுத்துட்டு வந்துருவேன். பேரு நாச்சிமுத்து. சுத்துப்பட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாதும்பாங்க. பச்சக் கொழந்தைக்கு நரம்பு கெடைக்கலைன்னா என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவாங்க. பயந்தவங்களுக்குத்தான் கஷ்டம். பயந்தா கை சில்லுனு ஆயிரும், நரம்பு உள்ள போயி ஒளிஞ்சுக்கும். அவங்களைப் பேச்சுல இழுத்து, கையைத் தேச்சு விட்டு, சூடு வந்த பொறவுதான் குத்துவேன். அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

அப்படி நின்ன கை. இப்ப நீட்டறேன், பாருங்க. ஆடுதுங்களா? போன வாரம் செவ்வாக்கெழமையில இருந்து இப்படித்தான்.

எங்க எறங்கறேனா? காட்டுப்புதூர் பிரிவுங்க. அட, கண்டக்டர் ஏன் சிரிக்கறாருன்னா, அது ஒரு கூத்து. காலையில ஆறரைக்கு இதே பஸ்ல இதே சீட்டுல ஏறுனேன். காட்டுப்புதூர் பிரிவு வந்துச்சு. ஆள் எறங்குச்சு, ஆள் ஏறுச்சு. எனக்குக் காலு தூக்க வரலை. நேரா சத்தியமங்கலம் போயிட்டேன். சரி, திரும்பி வரயில எறங்கிக்கலாம்னு உக்காந்தேன். அப்பவும் பிரிவு வந்துச்சு, போச்சு. கோபி வந்துட்டேன். இப்ப மூணாவது தடவை. 'அண்ணா, இந்தத் தடவையாச்சும் எறங்குவீங்களா, இல்லை நம்ம பஸ்ஸுக்கே குடி வந்துட்டீங்களா'ங்கறாரு. நல்ல மனுசன்தான். ஆனா சிரிக்காம இருந்தா நல்லாருக்கும்.

வண்டியில போகலாமில்லைன்னு கேப்பீங்க. வண்டின்னா எந்த எடத்துல வேணா திருப்பிக்கலாமுங்க. பஸ்ஸைத் திருப்ப முடியாதுல்ல, அதான் பஸ்ல ஏறுனேன். எத்தனை புத்திசாலித்தனம் பாருங்க!

தண்ணியா? வேண்டாமுங்க. வெளியில கெளம்புனா நான் தண்ணி குடிக்கறதில்லை. வீட்லயும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு சொட்டு எறங்காது. முப்பது வருசத்துக்கு மேல ஆன பழக்கம். நோம்பெல்லாம் இல்லீங்க.

சொல்லட்டுங்களா? உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால சொல்றேன்.

ஏழாவதுல என்னைக் கொண்டு போயி ஆஸ்டல்ல விட்டாங்க. எந்த ஊரு, எந்தப் பள்ளிக்கூடம்னு வேண்டாம், விடுங்க. நாப்பது பசங்க ஒரே ஹாலுல வரிசையாப் பாய் போட்டுப் படுப்போம். எனக்குப் புது எடம், அம்மா ஞாபகம், ராத்திரியில பாயிலயே ஒண்ணுக்குப் போயிருவேன். வேணும்னு எவனாவது போவானுங்களா? கனவுல எந்திரிச்சு நடந்து போயி ஒழுங்கா மறைவா உக்காந்துதான் போவேன். கண்ணு முழிச்சுப் பாத்தா பாயெல்லாம் ஈரமா இருக்கும்.

அங்க சென்னியப்பன்னு ஒருத்தன். என்ற வகுப்புதான், ஆனா எட்டி நின்னாலே நெழல் மேல விழுகற மாதிரி ஒடம்பு. மொத நாள் காலையில பாத்தவன் அவன்தான். சத்தம் போடலை, அடிக்கலை. பாயைச் சுருட்டி என்ற தலை மேல வெச்சான். 'நட'ன்னான். கெரவுண்டைச் சுத்தி மூணு சுத்து. அவன் முன்னாடி நின்னு கை தட்டுவான். ஒரு தாளம் இருக்குது அதுக்கு. தட் தட், தட். தட் தட், தட். நாப்பது பேரும் சேந்து தட்டுவாங்க. பாயிலிருந்து சொட்டுச் சொட்டாக் காதுக்குப் பின்னாடி எறங்கும். வார்டன் பல்லு வெளக்கிக்கிட்டே பாத்துட்டு நிப்பாரு. அவருக்கும் சிரிப்புத்தான் வரும். பேரு வெச்சான், ஈரப்பாய்னு. நாச்சிமுத்துங்கற பேரே எல்லாத்துக்கும் மறந்து போச்சு. பரிட்சைப் பேப்பர் குடுக்கயில வாத்தியாரே ஒருக்கா 'ஈரப்பாய் எங்கடா'ன்னாரு.

ஒரு நாள் ரெண்டு நாள் இல்லீங்ணா. மூணு வருசம். சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணியை நிறுத்துனேன். சோறு விக்கும், கஞ்சியைத் தொட மாட்டேன். அப்பவும் ரொம்பப் பயம் இருக்கற அன்னைக்கு நனைஞ்சுரும். தூங்காம இருந்து பாத்தேன். கண்ணு அசந்துரும், நனைஞ்சுரும். விடியறதுதான் எனக்குப் பயம். கோழி கூப்பிட்டா கையி பாயைத் தடவும். இப்பவும் விடியக்கால நாலு மணிக்கு எந்திரிச்சு, மொதல்ல படுக்கையைத் தடவிப் பாத்துட்டுத்தான் எறங்குவேன். நாப்பத்தி நாலு வயசாகுது எனக்கு. பொண்டாட்டி பக்கத்துல படுத்திருக்கறா. அவளுக்குத் தெரியாத மாதிரி தடவிப் பாப்பேன். தெரியும்னு நெனைக்கறேன். கேட்டதில்லை.

அய்யோ. இருங்க. இருங்க சித்த.

முன்னாடி அந்தப் புள்ளைங்க கை தட்டறாங்க. எதுக்குத் தட்டறாங்க? எவளுக்கோ பொறந்த நாளா? என்னைப் பாத்தா தட்டறாங்க? இல்லீங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ... பேசாதீங்க. கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருளைச் சொல்லோணும் நான். டிரைவர் தலைக்கு மேல சாமந்தி மாலை, ஒண்ணு. அந்தம்மா மடியில கொய்யாக் கூடை, ரெண்டு. உங்க தென்னங்கன்னு. மூணுங்களா? கண்டக்டர் காதுல பேனா. இன்னொண்ணு... இன்னொண்ணு... உங்க செருப்பு. அஞ்சு. நின்னுருச்சா? நின்னுருச்சு. சரியாப் போச்சுங்க. மேலெல்லாம் நனைஞ்சு போச்சு பாருங்க, வேர்வைதான், வேர்வை.

இது ஒரு டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததுங்க. மனசு டாக்டரு. என்ற வீட்டுக்காரி மரகதம் இழுத்துட்டுப் போனா. என்ற பொண்ணு மிதுனா ஆண்டு விழாவுல பிரைஸ் வாங்குச்சு, மேடையேறுன ஒடனே சனம் கை தட்டுச்சு. நான் எந்திரிச்சு ஓடிப்போயி ரோட்டுல நின்னுட்டேன். புள்ளை கப்பை வெச்சுக்கிட்டு அப்பன் எங்கன்னு தேடியிருக்குது. அன்னைக்கு மரகதம் ஒரே பிடியா நின்னா. அந்த டாக்டரம்மா பொறுமையாத்தான் கேட்டாங்க. 'அப்ப சின்னப் பையனுங்க நீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லை'ன்னாங்க. எனக்கு அழுகையா வந்துருச்சு. ரெண்டு தடவை போனேன். மூணாந் தடவை வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கயில பின்னாடி யாரோ சிரிச்சாங்க. எந்திரிச்சு வந்துட்டேன். எனக்குத்தான் சொகமாயிருச்சே, எதுக்கு இன்னும் போயிக்கிட்டுன்னு நானே நிறுத்திட்டேன்.

வீட்ல பொறந்த நாளுன்னா கேக்கு வெட்டுவோம், கை தட்ட மாட்டோம். மிதுனாவுக்குப் பழகிருச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க தட்டப் போனா அவளே வாய் மேல வெரலை வெச்சு 'உஷ்'ம்பா. நல்ல புள்ளை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவளுக்கும் தண்ணி தர்றதில்லை. அவளுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லீங்க, ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தாலும் நாளைக்கு ஆஸ்டல்ல சேக்கோணும்னா? இப்பவே பழகிக்கிட்டா நல்லதில்லையா? ஆனா அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருது, என்ன காரணம்னே தெரியலீங்க. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அதுவும் இதுவும் ஒண்ணா? அது வேறங்க. அதை விடுங்க, செவ்வாக்கெழமைக்கு வாறேன்.

மொத நாள் சாயங்காலமே லேப்புல சீட்டுக் குடுத்துட்டாங்க. காட்டுப்புதூர், சென்னியப்பன், வயசு நாப்பத்தஞ்சு, காலுல புண்ணு, நடக்க முடியலை. வெறும் வயித்துச் சக்கரை, மூணு மாசச் சக்கரை ரெண்டும் எடுக்கோணும். பேரைப் பாத்த ஒடனே சீட்டைக் கவுத்தி வெச்சுட்டேன். நம்ம பக்கம் சென்னியப்பனுக்கா பஞ்சம், வேற ஆளா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டுப் போனேன். வாசல்ல வண்டியை நிறுத்தறேன், கட்டுத்தறியில ஆட்டுக்குட்டி ஒண்ணு தீவனத்துல வாய் வெச்சுது. உள்ளேயிருந்து ஒருத்தன் அதை வெரட்டறதுக்குக் கை தட்டுனான்.

தட் தட், தட்.

மூஞ்சியைக்கூடப் பாக்கலை, எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. ஓடிரலாம்னு சாவியைத் திருப்பப் போனேன். ஆனா அதுக்குள்ள அவன் பாத்துட்டான். 'யாரு... நாச்சியா? டேய், நம்ம ஆஸ்டல் நாச்சிதானே!'ங்கறான். பாருங்க, பேரு ஞாபகம் இருக்குது அவனுக்கு. சம்சாரத்தைக் கூப்புட்டு, 'இவன் என்ற கூடப் படிச்சவன், ரொம்ப நல்ல பையன், ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டான்'ங்கறான். நல்ல பையனாம்! பேச விட்டாத்தானே பேசறதுக்கு! 'ஆஸ்டல்ல என்னா ஆட்டம் போட்டோம், இல்லடா'ங்கறான். போட்டோமாம். நான் எங்கய்யா போட்டேன்? பாயைத்தான் தூக்குனேன்.

அந்தம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுச்சு. வேண்டாமுங்கன்னேன். வந்த வீட்ல தண்ணியை வேண்டாம்னா பகையாளின்னு அர்த்தம், தெரியும். தெரிஞ்சுதான் வேண்டாம்னேன். அதோட மூஞ்சி சுருங்கிப் போச்சு.

ஆளு பாதியா எளைச்சிருந்தான். காலுல துணி சுத்தி ஒரு நாத்தம். பக்கத்துல பெரிய சொம்பு, அரைமணி நேரத்துல மூணு தடவை தூக்கிக் குடிச்சான். ரப்பர் பட்டையைக் கட்டுனேன். கையைத் தொட்டா ஐஸுக் கட்டி. நரம்பே காணோம். என்ற கெட்ட நேரம் பாருங்க, அவனுக்குன்னு நரம்பு கெடைக்கலை. ஒரு குத்துக் குத்துனேன், வரலை. 'என்னடா, வலிக்குதுடா'ன்னு சிரிச்சான். ரெண்டாவது குத்துல சொட்டுச் சொட்டா வந்துச்சு.

அப்பத்தானுங்க அவன் சம்சாரத்தைப் பாத்து, 'நீ உள்ள போ, போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ'ன்னான். கதவைச் சாத்திட்டாங்க. நானும் அவனும் மட்டும். எனக்கு உசுரே போயிருச்சு. ஆஸ்டல்லயும் அப்படித்தான், என்னுமோ பெருசாப் பண்ணப் போறான்னா மொதல்ல கதவைச் சாத்தச் சொல்லுவான். குனிஞ்சு, என்ற காதுகிட்ட வந்து, மெதுவாச் சொல்றான்: 'ராத்திரியில படுக்கை நனைஞ்சு போகுதுடா நாச்சி.' சொல்லிட்டு ஒரு சிரிப்பு.

முப்பது வருசம் கழிச்சு! என்ற பொழப்புக்கு நடுவுல, ஊசி கையில இருக்கயில! மறக்கலை பாத்தீங்களா அவன்? அந்த ஈரப்பாயை இன்னும் தலையில வெக்கறான் பாத்தீங்களா? ஊசியைப் புடுங்குனேன், பஞ்சை வெச்சேன், 'போதுமுங்க, ஆயிப்போச்சு'ன்னேன். அவனுக்குப் போயி 'ங்க' போட்டேன். கதவைத் தெறந்தேன், வண்டியை எடுத்தேன்.

வாய்க்கால் மேட்டுல வந்துதான் நின்னேன். ட்யூப்பைப் பாத்தா அடியில ஒட்டுன மாதிரி கொஞ்சூண்டு. டெஸ்டுக்குப் பத்தாது. பத்தலைன்னு சொன்னா என்ன ஆகும்? மறுபடியும் போன்னு சொல்லுவாங்க. அந்த ரூட்டுக்கு நான் ஒருத்தன்தான். மறுபடியும் அந்தக் கதவு, மறுபடியும் அந்தச் சிரிப்பு. என்னால முடியாதுங்ணா. செத்தாலும் முடியாது.

இப்பச் சொல்லப் போறதை நான் இந்த நிமிசம் வரைக்கும் யாருகிட்டவும் சொல்லலை. மரகதத்துகிட்டக்கூட.

வாய்க்கால் மேட்டுல புளியமரத்தடியில உக்காந்து, என்ற எடது கையில நானே ரப்பர் பட்டையைப் பல்லால இழுத்துக் கட்டுனேன். என்ற ரத்தத்தை நானே எடுத்தேன். ஊதா மூடி ட்யூப்பு ஒண்ணு, சாம்பல் மூடி ட்யூப்பு ஒண்ணு. ரெண்டு மேலயும் சென்னியப்பன்னு எழுதி ஒட்டுனேன். வெறும் வயித்து ரத்தந்தானே வேணும்? என்னையாட்டம் வெறும் வயித்துக்காரன் யாரு இருக்கறான்? மொத நாள் நாலு மணியில இருந்து தண்ணிகூட எறங்கலை.

ரிப்போர்ட்டு வந்துச்சு. சக்கரை எம்பத்தெட்டு. மூணு மாசச் சக்கரையும் சுத்தமா இருந்துச்சு. எனக்குச் சக்கரை இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவன் போன் பண்ணுனான். 'நாச்சி, உன்ற வாய்க்குச் சக்கரை போடோணும்டா, டாக்டரு சக்கரையாத்தான் இருக்கும்னு பயமுறுத்தி விட்டுட்டாரு, ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு'ங்கறான். அன்னைக்கே மாம்பழம் வாங்கித் தின்னுருக்கறான். டாக்டருகிட்டப் போறதை நிறுத்திட்டான். யாரோ பச்சிலை அரைச்சுக் குடுத்தாங்கன்னு அதைப் போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கறான். மொத நாலஞ்சு நாளு நானும் பேசாம இருந்தேன். சும்மா புண்ணுதான், ஆறிரும், ஆறிரும்னு. உள்ளுக்குள்ள கொஞ்சம்... எப்படிச் சொல்றது... படட்டுமேன்னுகூட இருந்துச்சு. இருந்துச்சுங்ணா. மறைக்க மாட்டேன்.

நேத்து அவன் சம்சாரம் போன் பண்ணுச்சு. ரிப்போர்ட்டுக் கவருல என்ற நம்பருதான் இருக்குது. 'ஏனுங்ணா, பெருவெரலு கறுத்துப் போச்சுங்க, தொட்டாத் தெரியலைங்கறாரு. சக்கரைதான் இல்லைன்னு நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்களே, பின்ன எதனாலங்க இப்படி?'ன்னு. நல்லவிதமாக் கேக்குது. என்ற மேல அத்தனை நம்பிக்கை. பதினாறு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன். வெரலு கறுத்தா அடுத்து பாதம், பாதத்துக்கு அடுத்து முழங்காலு. அதுக்கும் மேல போச்சுன்னா ஆளே இல்லை. எத்தனை பேரைப் பாத்திருக்கறேன்.

அதனாலதான் போறேன். போயிச் சொல்லோணும்: அது உன்ற ரத்தமில்லை, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன்னு. போன்ல சொல்லலாமுன்னு பாத்தேன். அவன் கொரலைக் கேட்ட ஒடனே வெச்சுட்டேன். சொன்னா என்ன பண்ணுவான்? அடிப்பான். ஊரைக் கூட்டுவான். என்ற வேலை போயிரும். அதெல்லாம்கூடப் போனாப் போகட்டும். கை தட்டுனான்னா? 'பயந்துக்கிட்டு ஓடிப்போயி உன்ற ரத்தத்தையே குடுத்தியாடா ஈரப்பாய்'னு சொல்லி அந்தத் தாளத்தைத் தட்டுனான்னா? அங்கயே விழுந்துருவேன் நான்.

இன்னும் எத்தனை ஸ்டாப்புங்க? மூணா? அய்யோ, மூணுதானா.

என்ன கேட்டீங்க? எப்படிச் சிரிச்சானா? சிரிச்சான்னா சிரிச்சான், அதுல என்ன எப்படி? ... இருங்க, நெனைச்சுப் பாக்கறேன். சத்தம் வரலை. ஆஸ்டல்ல சிரிச்சா ஹாலே அதிரும். இது சத்தம் வரலை. என்ற மூஞ்சியைப் பாக்கலீங்க. தரையைப் பாத்துக்கிட்டு... பல்லு மட்டுந்தான் தெரிஞ்சுது. அந்தக் கையி? சொன்னேனே, ஐஸு மாதிரின்னு. நரம்பு உள்ள போயி...

ஒளிஞ்சுக்கிச்சு.

ஏனுங்ணா. அவன் எதுக்குச் சம்சாரத்தை உள்ள போகச் சொன்னான்? என்னைக் கேவலப்படுத்தோணும்னா ஆள் வேணுமே. ஆஸ்டல்ல கதவைச் சாத்துனாலும் உள்ள நாப்பது பேரு இருப்பாங்க. ஆள் இல்லாம அவன் ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லை. அன்னைக்கு ஒருத்தரும் இல்லை. இருந்த ஒருத்தரையும் போகச் சொல்லிட்டான்.

அவன் என்னைச் சொல்லலைங்களா? 'உனக்கு'ன்னு சொல்லலை. 'நனைஞ்சு போகுதுடா'ன்னுதான் சொன்னான். யாருக்குன்னு நான் கேக்கவே இல்லை. அட கெரகமே! பெரிய சொம்புல தண்ணி. மூணு தடவை குடிச்சான். ஆளு பாதியா எளைச்சிருந்தான். சக்கரை ஏறுனவங்க எத்தனை பேர் என்கிட்டச் சொல்லிருக்கறாங்க, 'ராத்திரி அடக்க முடியறதில்லைங்க, வெளிய சொல்லிராதீங்க'ன்னு. எல்லாரும் கதவைச் சாத்திட்டுத்தான் சொல்லுவாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாங்க, வெக்கத்துல. கேட்ட ஒடனே இது சக்கரைதான்னு நானே சொல்லுவேன், ட்யூப்பே வேண்டாம். அவன் சொன்னப்ப மட்டும் என்ற காதுல கை தட்டற சத்தந்தான் கேட்டுச்சு.

பொண்டாட்டிகிட்டச் சொல்லாததை என்கிட்டச் சொல்லிருக்கறான். இதைப் பத்தித் தெரிஞ்சவன் ஒலகத்துல இந்த நாச்சி ஒருத்தன்தான்னு நெனைச்சிருப்பானோ. நான் போதுமுங்கன்னு எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்.

சந்தோசப்படோணுமில்லைங்க நான்? அவனுக்கும் வந்துருச்சு, அவனும் விடியறதுக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்கறான்னு? வரலீங்க. இன்னும் எச்சாப் பயமாருக்குது. இத்தனை நாளு அவனுக்குப் பயந்தேன். இப்ப அந்தக் காலுக்கும் சேத்துப் பயப்படோணும். அந்தக் காலு போச்சுன்னா அது என்னாலதான்.

மன்னிச்சுட்டயான்னு கேக்காதீங்க. இல்லீங்க. மூணு வருசத்தை எப்படி மன்னிக்கறது? அவன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கலை. நான் போயி அவன் முன்னாடி நின்னு, 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லோணும். இது என்னங்க நியாயம்? பாய் தூக்குனவனும் நானு, தலை குனியறவனும் நானா? வயிறெரியுது. ஆனா வெரலு கறுத்துக்கிட்டு இருக்குதே, அதுக்கு நியாயம் தெரியுமா?

வாய்க்கால் பாலம் வந்துருச்சு. அடுத்தது பிரிவு. கண்டக்டரே! ஏனுங் கண்டக்டரே, காட்டுப்புதூர் பிரிவுல நிறுத்துங்க. ஆமாங்க, நெசமாத்தான். ஏனுங்ணா, சித்த என்ற கையைப் புடிச்சு எந்திரிக்க வெச்சு விடுங்க. பையி? தோள்லயே இருக்குது. புது ஊசி, புது ட்யூப்பு, எல்லாம் வெச்சிருக்கறேன். இல்லை, எதுக்கு ட்யூப்பு, நேரா வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகோணும், நானே கூடப் போறேன்.

தண்ணி வேண்டாமுங்க, அங்க போயி குடிச்சுக்கறேன். அந்தம்மா குடுத்தா வாங்கிக்குவேன். குடுக்கலைன்னா கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கறீங்களா? தெரியலீங்க. ரத்தத்தைப் பத்திச் சொன்ன பொறவு அவன் என்னை என்ன வேணா பண்ணட்டும். ஆனா அந்தப் படுக்கைப் பேச்சை அவன் சம்சாரம் இருக்கயில எடுக்க மாட்டேன். அந்தம்மாவைச் சித்த உள்ள போகச் சொல்லிட்டு, இந்தத் தடவை கதவை நானே சாத்திருவேனுங்க.